மூன்று ராடு உடைத்தவன் சொல்கிறேன்

முதல் தூண்டில் ராடு லிஃப்டில் உடைந்தது. அதிகாலை ஐந்தரை மணி. வீட்டிலேயே ராடைப் பூட்டி, லூர் என்கிற செயற்கை இரையையும் மாட்டி, முருகன் வேலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதுபோல லிஃப்டுக்குள் நுழைந்தேன். நான் உள்ளே வந்துவிட்டேன், ராடின் நுனி வரவில்லை. ஐஸ்கிரீம் குச்சியைவிட மெல்லிய நுனி, கதவின் சென்சார் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தித் திறந்தபோது, முக்கால் அடி நீளத்துக்கு நுனி லைனில் கோத்தபடி ஊசலாடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ராடு வீட்டு ஹாலில் போனது. எப்படி வீசுவது என்று அக்கா மகன் கேட்டான். சோபாவின் முன்னால் நின்று காட்டினேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இதற்குமேல் விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது சிங்கப்பூரின் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில். அந்த முறை நிஜமாகவே மீன் மாட்டியிருந்தது, முழங்கை நீளத்தில் ஒரு பீகாக் பாஸ். காலடி வரை கொண்டுவந்துவிட்டேன். வலையை எடுக்கக் குனிவதற்குச் சோம்பல்பட்டு, ராடைத் தலைக்குமேல் செங்குத்தாகத் தூக்கி, இடது கையால் லைனைப் பிடிக்கப் போனேன். ராடு நடுவில் வளையவில்லை. நுனிக்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி மாதிரி வளைந்து, பட்டென்று போய்விட்டது. மீன் அப்போதும் முள்ளில்தான் இருந்தது. லைனைக் கையால் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தேன். அதன் முகத்தில் ஒரு ஆச்சரியம் தெரிந்தது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் நம்புவதில்லை.

ஆக, இருபது வருடத்தில் மூன்று ராடு. மூன்றில் ஒன்றைக்கூட மீன் உடைக்கவில்லை. எந்த ராடு வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். எதை வாங்குவது என்பதற்கு ஒருவழியாகப் பதில் சொல்லிவிடலாம். வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பெரிய பாடம்.

அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. செம்பவாங் பக்கம் அவர் வளர்ந்த காலத்தில் ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. காலி பால் டின்னில் தங்கூஸ், அதாவது நைலான் நூல், சுற்றியிருப்பார்கள். நுனியில் ஒரு முள், மண்புழு, கொஞ்சம் மேலே ஈயக்குண்டு. டின்னை ஒரு கையில் பிடித்து மறுகையால் சுழற்றி எறிந்தால் லைன் டின்னிலிருந்து வளையம் வளையமாக உரிந்து போகும். யோசித்துப் பார்த்தால் இன்றைய ஸ்பின்னிங் ரீலும் அதேதான். சுற்றும் டின் இல்லை அது, நிற்கும் டின். அதன் முகப்பு வழியாக லைன் உரிகிறது. மிச்சமெல்லாம் வசதி. நான் முதன்முதலில் இருநூற்றுச் சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ராடும் ரீலுமாக ஒரு ஜோடி வாங்கி வந்தபோது அப்பா கேட்டார்: "கம்புக்கா இருநூறு வெள்ளி? அந்தக் காசுக்கு தேக்கா மார்க்கெட்ல வஞ்சிரமே வாங்கியிருக்கலாமே?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருடைய மண்புழு இன்று இங்கே செல்லாது. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் வாரியமான பியூபி (PUB) அனுமதித்த இடங்களில் மட்டும்தான் மீன் பிடிக்கலாம், அதுவும் செயற்கை இரையால் மட்டும். புழு, இறால், ரொட்டி மாவு எதுவும் கூடாது. நீரைக் கெடுக்கும் என்பது காரணம். நாம் குடிக்கிற நீர்தானே. இந்த ஒரு விதியே சிங்கப்பூரில் எந்த ராடு நல்லது என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் என் பெரியப்பா மூங்கில் கம்பை ஊன்றிவைத்துவிட்டு, தக்கையைப் பார்த்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். கம்பு எவ்வளவு கனமாக இருந்தால் அவருக்கு என்ன? இங்கே லூரை எறிய வேண்டும், இழுக்க வேண்டும், மறுபடி எறிய வேண்டும். ஒரு காலைப்பொழுதில் முந்நூறு தடவையாவது வீசுகிறோம். ஐம்பது கிராம் கூடுதலாக இருந்தால் எட்டு மணிக்குத் தெரியாது, பத்து மணிக்குத் தோள்பட்டை சொல்லும்.

அதனால்தான் கண்ணாடியிழை ராடைவிட கார்பன் ராடு. கண்ணாடியிழை முரட்டுத்தனமானது, அடிபட்டாலும் தாங்கும், பையன்களுக்குக் கொடுக்க அதுதான் சரி. ஆனால் கனம். தண்ணீருக்குள் லூரை ஏதோ முட்டினால் கைக்கு வந்து சேரும்போது செய்தி மங்கிவிடும். கார்பன் எடை குறைவு, ஒரு இலையை உரசினாலும் உள்ளங்கையில் தெரியும். அதன் குறை, அடிபட்டால் மன்னிக்காது. ஒரு லூர் வீசும்போது பட்டுச் சின்னக் கீறல் விழுந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மூன்று மாதம் கழித்து ஒரு சின்ன மீனுக்கு அங்கேயே முறியும். ஆட்கள் மீனைக் குறை சொல்வார்கள், அல்லது கம்பெனியை.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பகலில் வானம் கறுத்து இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். நம் ஊர் இடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, எந்த மீனுக்கு? நன்னீரில் இங்கே ஆட்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டைப் பற்றித்தான். ஒன்று பீகாக் பாஸ், தென்னமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே குடியுரிமை வாங்கிவிட்ட மீன். வாலில் மயில் கண் மாதிரி ஒரு புள்ளி. பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான், ஆனால் அடி பலமாக அடிக்கும். இன்னொன்று தோமான். நம் விராலுக்குப் பெரியண்ணன். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், பற்களைப் பார்த்தால் விரலை எங்கே வைப்பது என்று யோசிப்பீர்கள். குஞ்சு பொரித்திருக்கும் நேரத்தில், செம்மை நிறத்தில் குஞ்சுகள் மேலே குமிழியிட்டு நகர, அம்மாவும் அப்பாவும் கீழே காவலுக்கு நிற்கும். அப்போது லூர் போட்டால் கோபத்தில் கட்டாயம் அடிக்கும். நான் போடுவதில்லை. பெற்றோர் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் காலி செய்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நம்ம ஜிலேபி, அதாவது திலாப்பியா. எல்லா இடத்திலும் இருக்கும், லூரை மட்டும் பெரும்பாலும் சீண்டாது.

பீகாக் பாஸுக்கும் தோமானுக்கும் ஒரே ராடு என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். 'எல்லாத்துக்கும் ஆகும்' என்று சொல்லி ஒரு கடையில் தலையில் கட்டிய தடி ராடு, தோமானுக்குச் சரி, ஏழு கிராம் லூரை வீசினால் பத்து மீட்டர்கூடப் போகாது. ராடு வளைந்து நிமிர்ந்தால்தான் லூர் பறக்கும். தடித்த ராடு சின்ன லூரின் எடைக்கு வளையவே வளையாது.

எனவே கடைக்குப் போனால் முதலில் படிக்க வேண்டியது ராடின் அடியில், கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் எழுதியிருப்பதை. நீளம், பலம், லைன் எத்தனை பவுண்டு, லூர் எத்தனை கிராம். பீகாக் பாஸுக்கு ஆறு அடியிலிருந்து ஆறரை அடி, லைட் அல்லது மீடியம் லைட், லூர் 5 முதல் 14 கிராம் வரை என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தோமானுக்கு மீடியம் ஹெவி, லைன் 15 முதல் 30 பவுண்டு. 'பவர்' என்பதும் 'ஆக்‌ஷன்' என்பதும் வேறு வேறு. எவ்வளவு பாரத்துக்கு வளைகிறது என்பது பவர், எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். நுனி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடு வரை வளைந்தால் மாடரேட். முதல் ராடுக்கு ரொம்ப ஃபாஸ்ட் வேண்டாம் என்பது என் கட்சி. நடுவரை வளைகிற ராடு நம் தவறுகளைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும்.

எழுத்தைப் படித்தபின் ராடை நீட்டி ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். லைன் ஓடும் கைடு வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இருநூறு வெள்ளி ராடிலும் ஒன்று கோணியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், வைத்திருக்கும் ரீலைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கினால் ராடு ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். நுனி தொங்கினால் நாள் முழுக்க மணிக்கட்டு அதைத் தூக்கிக்கொண்டே இருக்கும். நுனியைக் கையில் பிடித்து வளைத்துப் பார்ப்பது, கூரையில் முட்டிப் பார்ப்பது இதெல்லாம் வேண்டாம். ராடு லைன் வழியாக வளைவதற்காகச் செய்தது, விரலால் வளைப்பதற்கு அல்ல. கடைக்கார அங்கிள் முறைப்பதில் தப்பில்லை.

ரீலுக்கு வருவோம். புதியவருக்கு ஸ்பின்னிங் ரீல்தான். வீசும்போது லைன் உருளையே சுழலும் பெய்ட்காஸ்டர் அழகான சாமான், என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஆனால் முதல் மாதம் மீன் பிடிப்பதைவிடச் சிக்கெடுப்பதில்தான் போகும். பீகாக் பாஸுக்கு 2000 அல்லது 2500 அளவு. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண் கொஞ்சம் மாறும், அதனால் எண்ணோடு எடையையும் பாருங்கள். 250 கிராமுக்குள் இருந்தால் நல்லது. 5:1, 6:1 என்று போட்டிருப்பது, கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் லைனைச் சுற்றிவிடும் ரோட்டர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. 2500 அளவு ரீலில் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டருக்கு முன்பின்னாக லைன் உள்ளே வரும்.

பேரிங் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். 'பன்னிரண்டு பேரிங்' என்று பெட்டியில் பொன்னெழுத்தில் போட்டிருந்த ஒரு ரீலை மலிவாக வாங்கினேன். ஆறே மாதத்தில் மிளகு அரைக்கிற சத்தம். நல்ல பேரிங் நாலைந்து போதும். அதைவிட, வீசும்போது திறந்து மூடும் பெயில் கம்பியின் ஓரத்தில் லைன் திரும்பும் இடத்தில் இருக்கிற குட்டி உருளை நிஜமாகவே சுழல்கிறதா என்று பாருங்கள். அந்த லைன் ரோலர் மாட்டிக்கொண்டால் லைன் ஒரே இடத்தில் உரசித் தேய்ந்துவிடும். கடையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, மீன் இழுத்தால் லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்கைத் தளர்த்தி லைனை இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வர வேண்டும். விட்டு விட்டு, விக்கல் எடுப்பதுபோல வந்தால் வேறு ரீலைக் கேளுங்கள்.

இடையில் ஒரு ஊர்ப்பெருமை. ரீலுக்குப் பேர்போன ஷிமானோ 1921இல் ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் சக்காயில் சைக்கிள் பாகம் செய்யத் தொடங்கிய கம்பெனி. 1970இல்தான் மீன்பிடிச் சாமான் பக்கம் வந்தது. 1973இல் அவர்கள் சிங்கப்பூரில் ஆலை தொடங்கினார்கள். சைக்கிள் பாகத்துக்குத்தான், ரீலுக்கு இல்லை. இருந்தாலும் அப்பாவிடம் 'நம்ம ஊர்க் கம்பெனிப்பா' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

லைன் கதை தனி. இப்போது எல்லாரும் பின்னல் லைன்தான், பிரெய்ட். முதன்முதலாக நானே சுற்றிக்கொண்டபோது, மீன் மாட்டியதும் கைப்பிடி சுற்றினேன், சுற்றினேன், ஒன்றும் உள்ளே வரவில்லை. டிராக் போய்விட்டது என்று ரீலைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அங்கிள் ஒன்றும் பேசவில்லை. கட்டை விரலால் லைன் கட்டையை அழுத்தித் திருப்பினார். லைன் சுற்றியிருக்கும் ஸ்பூல் உருளை அசையவில்லை, அதன்மேல் லைன் மொத்தமும் மோதிரம் மாதிரி வழுக்கிச் சுழன்றது. "டிராக் இல்ல லா, லைன் சுத்துது" என்று சிரித்தார். பிரெய்ட் வழவழப்பானது, வெறும் ஸ்பூலில் பிடிக்காது. அடியில் பத்து மீட்டர் சாதாரண தங்கூஸைச் சுற்றி அதன்மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். ஸ்பூலின் உதட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். வழிய வழியச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கிளம்பும், குறைத்துச் சுற்றினால் தூரம் போகாது. வீசியபின் பெயிலைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி 'டொக்' என்று மூட வைப்பதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம், உள்ளே ஸ்பிரிங்கும் சீக்கிரம் தளரும்.

டிராக் எவ்வளவு இறுக்குவது? ஆறாவது மாடி அண்ணன் ஒருவர் இருக்கிறார், எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர். அவரைக் கேட்டால் "கை சொல்லும் தம்பி" என்பார். அவர் கை சொல்லும், என் கை சொல்லாது. எங்கள் வீட்டில் திருச்சிக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்க ஒரு கைத்தராசு இருக்கிறது. லைன் நுனியை அதன் கொக்கியில் கட்டி, அக்கா மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நான் ராடோடு சமையலறை வரை பின்னால் போனேன். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான். லைன், அதன் நுனியில் கட்டும் லீடர் என்கிற தனி லைன், இவற்றில் எது மெலிந்ததோ அது தாங்கும் பாரத்தின் கால் பங்கில் டிராக் வழுக்கத் தொடங்க வேண்டும். என் லீடர் 16 பவுண்டு, கிட்டத்தட்ட ஏழே கால் கிலோ. கால் பங்கென்றால் 1.8 கிலோ. அவன் தராசைப் பார்த்து "ஒன்னு எட்டு, மாமா!" என்று கத்தியபோது, நான் இத்தனை வருடம் அதைப்போல இரண்டு மடங்கு இறுக்கிவைத்திருந்தது தெரிந்தது. எத்தனை லூர் அறுந்துபோயிருக்கும்!

இனி பராமரிப்பு. நன்னீர்தானே, கழுவ வேண்டியதில்லை என்பார்கள். நன்னீரிலும் பாசி இருக்கிறது, சேறு இருக்கிறது, நம் கை வியர்வையில் உப்பே இருக்கிறது. அதோடு, நம் நீர்த்தேக்கங்கள் பலவற்றுக்கு உப்புக்கடல் ஒரு சாலை அகலம்தான். ஈசூன் அணையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் 1986இல் ஆற்று வாயை அடைத்து உண்டாக்கிய லோவர் சிலேத்தார், மறுபக்கம் கடல். இந்தப் பக்கம் கடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் போய் நாலு வீசு வீசாதவர் யார்? உப்பு ஒருமுறை லைனோடு ஸ்பூலுக்குள் வந்துவிட்டால், அடுத்த வாரம் நீங்கள் நன்னீரில்தான் நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

நான் செய்வது இவ்வளவுதான். டிராக் குமிழை இறுக்கமாக மூடிவிட்டு, குழாயை மெல்லியதாகத் திறந்து, மழைத்தூறல் மாதிரி ரீலின்மேல் அரை நிமிடம். கழிப்பறையில் இருக்கிற கைஸ்பிரே வேண்டாம், அந்த வேகம் உப்பையும் மண்ணையும் உள்ளே தள்ளிவிடும். வாளியில் முக்கவும் வேண்டாம். உதறி, துணியால் துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்தி நிழலில் வைத்துவிடுவேன். தளர்த்தாமல் விட்டால் உள்ளே இருக்கும் வாஷர்கள் நசுங்கிப்போய், முன்பு சொன்ன விக்கல் வரும். காய்ந்தபின் லைன் ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய், கைப்பிடிக் குமிழுக்கு ஒரு சொட்டு. ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டு.

எண்ணெய் சுழலும் பேரிங்குக்கு, கிரீஸ் கடிக்கும் பல்சக்கரத்துக்கு. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ரீலைக் கொன்றபின். வீட்டுக் கதவுக் கீல் கிறீச்சிட்டால் அடிக்கும் துரு நீக்கும் ஸ்பிரே இருக்கிறதே, அதை ரீலின் எல்லா ஓட்டையிலும் தாராளமாக அடித்தேன். அன்றைக்கு என்ன சுகமாகச் சுற்றியது! அந்த ஸ்பிரே உள்ளே இருந்த கிரீஸையெல்லாம் கரைத்து ஓடவிட்டிருக்கிறது. பல்சக்கரங்கள் வெறும் உலோகமாக உரசி, நாலு மாதத்தில் ரீல் முடிந்தது. கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கிற பேரிங்கும் வழுக்க ஆரம்பித்து, முள்ளைக் கொத்த இழுக்கும்போதெல்லாம் கைப்பிடி பின்னால் உதைத்தது. அதற்குள் கிரீஸோ அதிக எண்ணெயோ போகவே கூடாது.

ராடுக்கு ஈரத்துணி போதும். கைடுகளின் அடியில், நூல் சுற்றி வார்னிஷ் பூசிய இடத்தில் மட்டும் பழைய பல்துலக்கி. மாதம் ஒருமுறை காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு கைடு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுவேன். பஞ்சு இழை எங்கேயாவது மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது. பிரெய்டை அது ரம்பம் மாதிரி அறுக்கும்.

ஈரத்தோடு உறையில் போட்டு மூடாதீர்கள், வார்னிஷ் கொப்பளிக்கும். எங்கள் வீட்டில் பலர் வீட்டையும்போல பாம் ஷெல்டர்தான், அதாவது குண்டு விழுந்தால் ஒதுங்கக் கட்டிய அறைதான், சாமான் அறை. காற்றே போகாது. அதில் இரண்டு மாதம் வைத்த ராடின் தக்கைக் கைப்பிடியில் வெள்ளையாகப் பூஞ்சணம், தயிர் தெளித்த மாதிரி. இப்போது ராடுகள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன. மனைவி இது பற்றி ஏற்கெனவே கருத்துச் சொல்லிவிட்டார்.

இரண்டு துண்டு ராடு பிரிய மாட்டேன் என்று அடம் பிடித்தால் கைடுகளைப் பிடித்து முறுக்காதீர்கள், பெயர்ந்துவிடும். லேசாகக் குந்தி, ராடை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, இணைப்புக்கு இருபுறமும் கையால் பிடித்து, முழங்கால்களை மெதுவாக வெளியே விரியுங்கள். கை இழுப்பதில்லை, தொடைதான் தள்ளுகிறது. நேராக, முறுக்காமல் கழன்று வரும். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், அதனால் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் செய்கிறேன்.

போன ஞாயிறும் அப்படித்தான் செய்துவிட்டு, இரண்டு துண்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, நுனி கீழே பார்க்கும்படி காலோடு ஒட்டிப் பிடித்தபடி லிஃப்டில் ஏறினேன். காய்கறிப் பையோடு நின்ற பக்கத்து வீட்டு ஆன்ட்டி என் வெறுங்கையைப் பார்த்தார்.

"இன்னைக்கும் இல்லையா?"

"இருந்துச்சு ஆன்ட்டி. விட்டுட்டேன்."

அவரும் நம்பவில்லை.